சூட்டில் கிளம்பாத லாரி: இன்ஜெக்டர் தேய்மானமும் வாரண்டி வழக்கும்

[காட்சி: இரவு. மணலி விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர்கள்.]

வணக்கம். வரிசை நகர்கிறது, ஒரு டிரெய்லர் மட்டும் நகரவில்லை. டீசலை மிச்சப்படுத்த ஓட்டுநர் இன்ஜினை அணைத்திருந்தார். இப்போது செல்ஃப் அடிக்கிறார். சுற்றுகிறது, கிளம்பவில்லை. பின்னால் ஒரே ஹாரன். பேட்டரி என்கிறார் ஒருவர், பம்ப் என்கிறார் இன்னொருவர். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடத் தொடங்குகிறது.

அந்த வண்டி என் மாமாவுடையது. காலையில் முதல் செல்ஃபிலேயே கிளம்பும், சூட்டில்தான் முரண்டு. இந்த ஒரு குணத்தை வைத்தே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம்.

[காட்சி: குறுக்காக அறுத்த இன்ஜெக்டர், அருகில் ஒரு தலைமுடி.]

காமன் ரெயில் இன்ஜினில், உயர் அழுத்தப் பம்ப் டீசலைத் தடித்த குழாய் ஒன்றில் அடைத்து வைக்கிறது. அதுதான் ரெயில். முழுப் பாரம் இழுக்கும்போது பல இன்ஜின்களில் அங்கே 1,600 பார் அழுத்தத்தைத் தாண்டும். லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார். இவ்வளவு அழுத்தத்தை இன்ஜெக்டருக்குள் அடக்கி வைப்பது ரப்பர் வாஷர் அல்ல, இரும்போடு இரும்பு பொருந்தும் நெருக்கம். ஊசிக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

அந்த இடுக்கில் கொஞ்சம் டீசல் கசிந்து, ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புவது இயல்பு. உள்ளே தேய்ந்துவிட்டால் கசிவு கூடும். சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால் இன்னும் கூடும். செல்ஃபின் மெதுவான சுற்றில் பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி ரிட்டர்னிலேயே ஓடிவிடுகிறது. ரெயிலில் குறைந்தபட்ச அழுத்தம் சேராதவரை, இன்ஜெக்டரைத் திறக்க, இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி உத்தரவு தராது. டேங்க் நிறைய டீசல் இருக்கும், சிலிண்டருக்குள் ஒரு சொட்டு இறங்காது.

[காட்சி: ஆறு ரிட்டர்ன் குழாய்கள், ஆறு அளவு பாட்டில்கள்.]

சோதனை எளிது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். எந்தப் பாட்டில் மட்டும் வேகமாக நிரம்புகிறதோ அதன் இன்ஜெக்டர்தான் குற்றவாளி. எங்கள் வண்டியில் நான்காவது பாட்டில் நிரம்பியபோது மற்றவை பாதிகூட எட்டவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பம்ப் இன்ஜின்களில் ஓடும்போதே குழாய் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கு இன்றும் விரல் தானாக அங்கே போகும். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

இன்ஜெக்டரின் நுனியான நாசில் மூடாமல் சொட்டுவது வேறு வகைக் கோளாறு. புகை, தட்டும் சத்தம், குறையும் மைலேஜ். கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் தலையே ஓட்டையாகும். இன்ஜின் ஆயில் அளவு தானாக ஏறினாலும் சந்தோஷப்படாதீர்கள், டீசல் கலந்திருக்கலாம்.

ஏன் தேய்கிறது? தூசி, தண்ணீர், வழவழப்புக் குறைவு. இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் டீசலே மசகு எண்ணெய். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வரும் பிஎஸ்-6 (புகை மாசு விதி) டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு, முன்பு 50. கந்தகத்தை நீக்கும் முறை இயற்கையான வழவழப்பையும் எடுத்துவிடுவதால் சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கான சேர்மானம் கலக்கிறார்கள். அதில் யாரோ மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழவழப்பு போயிற்று. தண்ணீரோ துருப்பிடிக்க வைக்கும். சென்னைக் கடற்கரைக் காற்றில், அரை டேங்க்கோடு இரவெல்லாம் நிற்கும் வண்டிக்குள் அது தானாகவே சேரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

[காட்சி: சர்வீஸ் சென்டர் கவுன்டர்.]

இனி வாரண்டி. உற்பத்திக் குறை என்றால் கம்பெனி செலவு, டீசல் கோளாறு என்றால் உங்கள் செலவு. தேய்ந்தது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, எதனால் என்பதில்தான் சண்டை முழுவதும். மாமாவுக்கு முதல் முறை ஒரு சர்வீஸ் சென்டரில் வாயாலேயே “டீசல் சரியில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசி இரண்டு ஃபில்டருக்கு எங்களிடம் பில் இல்லை. போதாததற்கு, அவசரத்துக்குப் புதுப்பேட்டையில் ஒருவரை வைத்து இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்திருந்தோம். தோற்றோம். நியாயமாகவே தோற்றோம் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வண்டியில் வேறு மாதிரி செய்தோம். வெளியே யாரையும் கை வைக்க விடவில்லை. ஜாப் கார்டில், அதாவது புகாரைப் பதியும் சர்வீஸ் தாளில், ‘ஸ்டார்ட்டிங் டிரபிள்’ என்று அவர்கள் எழுதியதை ஏற்காமல், ‘சூட்டில் மட்டும் கிளம்பவில்லை’ என்று கிலோமீட்டரோடு எழுத வைத்தோம். ரிட்டர்ன் அளவுகளையும் பிழைக் குறியீடுகளையும் தாளில் கேட்டு வாங்கினோம். டேங்கின் அடியிலிருந்து இரண்டு பாட்டில் டீசல் பிடித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒட்டி, ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டோம். ஃபில்டர் பில், பங்க் ரசீது எல்லாம் ஒரே உறையில். அந்த முறை இன்ஜெக்டர்களை இலவசமாக மாற்றித் தந்தார்கள். இழுத்து வந்த செலவு மட்டும் எங்களுடையது. புதிய இன்ஜெக்டரின் மேல் இருக்கும் குறியீட்டைக் கணினிப் பெட்டியில் பதிந்தார்களா என்றும் கேளுங்கள். பதியாவிட்டால் புதிதும் ஒழுங்காக ஓடாது.

மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் மேலே போவது கடினம். லாரி வணிக வாகனம்தானே, நுகர்வோர் சட்டம் பொருந்துமா என்று பலர் தயங்குகிறார்கள். 2019 சட்டம், சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோராகவே ஏற்கிறது. கோவை பிஎஸ்ஜி இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தொடர்பான வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: டாக்சி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டதாலேயே அந்த உரிமை போகாது. பத்து டிரெய்லர் வைத்திருப்பவருக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

[காட்சி: ஃபில்டரின் அடித் திருகு. கீழே கண்ணாடிப் பாட்டில்.]

கடைசியாக, ஃபில்டரில் தண்ணீர் வடிக்கும் திருகு. ‘எரிபொருளில் தண்ணீர்’ விளக்கு எரிய எரிய ஓட்டியிருந்தால் பல வண்டிகளில் அது பெட்டியில் பதிவாகிவிடும். வாரண்டி கேட்கும்போது முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். இன்ஜினை அணைத்துவிட்டுத் திருகுங்கள். பாட்டிலின் அடியில் தங்கி நிற்பது தண்ணீர், மேலே மிதப்பது டீசல். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு, பிறகு இறுக்குங்கள். மாமா இதை இப்போது வாரம் ஒருமுறை, மாதவரம் யார்டை விட்டுக் கிளம்பும் முன்பே செய்துவிடுகிறார்.