ஒரே நாளில் 51 தேர்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார்: அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்றுப்போகிறார்? 2000-இல் அல் கோர், ஜார்ஜ் புஷ்ஷைவிட 5 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கினார், தோற்றார். 2016-இல் ஹிலாரி கிளின்டன், டிரம்ப்பைவிட ஏறக்குறைய 29 லட்சம் கூடுதலாக வாங்கினார். அவருக்கும் அதே கதி.

விஷயம் என்னவென்றால், அதிபருக்காக நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தேர்தல் அங்கே நடப்பதே இல்லை. 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியே நடத்துகின்றன. ஆக, ஒரே நாளில் 51 தேர்தல். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுபவர்கள் தேர்வாளர்கள்; ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு உண்டு. பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அத்தனை, அதோடு செனட் சபைக்குரிய 2. கலிஃபோர்னியாவுக்கு 54, வயோமிங்குக்கு 3. வாஷிங்டனுக்கும் 3. மொத்தம் 538, 270 கிடைத்தால் வெள்ளை மாளிகை. மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக, மாநிலத்தில் முதலிடம் வந்தவருக்கே தேர்வாளர்கள் அத்தனை பேரும். கலிஃபோர்னியாவில் 30 லட்சம் ஓட்டில் ஜெயித்தாலும் 54தான், 30 ஓட்டில் ஜெயித்தாலும் 54தான்.

சரி, இதையெல்லாம் நடத்துவது யார்? மத்தியத் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. பிரசாரப் பணத்தைக் கண்காணிப்பதோடு அதன் வேலை முடிந்தது. வாக்குச்சீட்டு அச்சடிப்பது, எண்ணுவது எல்லாம் மாநிலச் சட்டப்படி, பெரும்பாலும் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) அதிகாரிகள் கையில். அந்த அதிகாரியே பல இடங்களில் ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று ஜெயித்து வந்தவர்!

இதனால் என்ன ஆகும் என்பதற்கு 2000-இல் ஃபுளோரிடா. அங்கே பாம் பீச் கவுன்டியில் வயதானவர்கள் அதிகம். எழுத்து பெரிதாக இருந்தால் படிக்க வசதி என்று, வேட்பாளர் பெயர்களை விரித்த புத்தகம்போல இரண்டு பக்கமும் போட்டார்கள். ஓட்டுப் போடக் குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசையில். இடப்பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். ஆனால் இரண்டாவது துளை கோருக்கு இல்லை. வலப்பக்கம் இருந்த சிறிய கட்சி வேட்பாளர் பேட் புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது துளை. புக்கானனுக்கு அந்தக் கவுன்டியில் 3,407 ஓட்டு விழுந்தது. அவற்றில் பெரும்பாலானவை தனக்கென்று நினைத்துப் போட்டவை அல்ல என்று அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளைக் குத்தியதால் 19,000-க்கும் அதிகமான சீட்டுகள் செல்லாமல் போயின. இந்தச் சீட்டை வடிவமைத்த அதிகாரி கோரின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதுதான் வேடிக்கை.

மாநிலம் முழுக்க எண்ணி முடித்தபோது புஷ்ஷுக்கு 537 ஓட்டு முன்னிலை. முடிவுக்குச் சான்றளித்த மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், அங்கே புஷ்ஷின் பிரசாரக் குழுவில் இணைத் தலைவர். ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. நமக்குக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. அங்கே அது சட்டத்துக்கு விரோதமில்லை. குத்திய துளையிலிருந்து காகிதத் துணுக்கு முழுதாக விழாமல் தொங்கிக்கொண்டிருந்த சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து மறுபடி எண்ணினார்கள். டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் மறுஎண்ணிக்கையை நிறுத்தியது. ஃபுளோரிடாவின் 25 தேர்வாளர்களோடு புஷ் 271-ஐ எட்டினார்.

அப்புறம் 2001 ஜனவரி 6, தேர்வாளர்களின் ஓட்டுகளை எண்ணும் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டம். அதற்குத் தலைமை வகிப்பவர் துணை அதிபர். அப்போது துணை அதிபர் யார்? கோரேதான். ஃபுளோரிடா கணக்கை எதிர்த்து அவர் கட்சி உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஒரு செனட்டரின் கையெழுத்தும் வேண்டும் என்பது அப்போதைய விதி. எந்தச் செனட்டரும் போடவில்லை. தனக்காக எழுந்தவர்களை உட்காரச் சொன்னதும் கோர், புஷ் வென்றார் என்று அறிவித்ததும் கோர்.

அதே ஃபுளோரிடாவில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் 97,000 ஓட்டு வாங்கியிருந்தார். ஜெயித்தவருக்கே எல்லாம் என்னும்போது மூன்றாமவருக்குப் போடுவது பிடிக்காதவரை ஜெயிக்க வைப்பதில் போய் முடியும் என்று வாக்காளர்கள் பயப்படுகிறார்கள். 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ ஏறக்குறைய 19 சதவீத ஓட்டு வாங்கியும் ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு கட்சி என்று சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. அரசியல் சாசனத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டைத் தாண்டி மூன்றாவது காலூன்ற முடியாததற்கு இந்தக் கணக்கு முக்கியக் காரணம் என்பேன்.

அதனால் புதிதாக வருபவர் தனிக் கட்சி தொடங்குவதைவிட, இருக்கிற கட்சிக்குள் நுழைவதே சுலபம். கதவும் திறந்தே இருக்கிறது. கட்சியில் சேரச் சந்தாவோ அட்டையோ வேண்டியதில்லை. பல மாநிலங்களில் வாக்காளர் பதிவுப் படிவத்தில் ஒரு டிக் போதும். டெக்சஸில் அந்த டிக்கூடக் கிடையாது. கட்சி வேட்பாளரை ப்ரைமரி என்ற முன்தேர்தலில் இந்த வாக்காளர்களே மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். செனட்டில் சுயேச்சையான பெர்னி சாண்டர்ஸ், 2016-இலும் 2020-இலும் ஜனநாயகக் கட்சியின் ப்ரைமரியில்தான் நின்றார். 2016-இல் குடியரசுக் கட்சிப் பெரியவர்கள் பலருக்கு டிரம்ப்பைப் பிடிக்கவில்லை. முந்தைய தேர்தலில் அக்கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற மிட் ராம்னியே மார்ச் மாதம் மேடையேறி, அவர் வேண்டாம் என்று பேசினார். டிக்கெட் தருவது அவர்கள் கையில் இல்லையே! டிரம்ப் அடுத்தடுத்த மாநிலங்களில் ஜெயித்துக்கொண்டே போனார்.

நன்றி, வணக்கம்.