கெட்டுப்போன பீஸைப் பத்தி பேசுங்க, பையனைப் பத்தி வேணாம்

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிப்ட் முடிச்ச கையோட டீ கூட குடிக்காம இங்க வந்து உக்காந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்: சூப்பர்வைசரா நாம ஃபீட்பேக் எப்படி குடுக்கறது, எப்படி வாங்கிக்கறது.

நான் சூப்பர்வைசர் ஆன புதுசுல ஒரு டிரெய்னி பையன் சிஎன்சி மிஷின்ல இன்செர்ட், அதான் வெட்டற முனை, மாத்திட்டு, அதுக்கேத்த ஆஃப்செட் அளவையும் மிஷின்ல சரி பண்ணாம, முதல் பீஸ அளந்தும் பாக்காம ஓட்டிட்டான், போர், அதாவது பீஸ்ல இருக்கற துளை, 0.05 மில்லிமீட்டர் பெருசாகி 40 பீஸ் ஸ்கிராப். போர் சின்னதா இருந்தா இன்னொரு கட் எடுத்துக்கலாம், பெருசாயிட்டா அவ்ளோதான், உங்களுக்கே தெரியும். நான் லைன்ல எல்லாரும் பாக்க "உனக்கு அக்கறையே இல்லடா, நீ உருப்பட மாட்ட"ன்னு கத்திட்டேன். அடுத்த வாரமே பக்கத்து மிஷின்ல டூல் தேஞ்சு போனத அவன் பாத்திருக்கான், வாயத் தொறக்கல. எப்படி தொறப்பான்?

1996ல க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஃபீட்பேக் பத்தின ஆய்வு முடிவுகள் 600க்கு மேல ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. சராசரியா வேலை நல்லாத்தான் ஆகுது, ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல, ஃபீட்பேக் குடுத்தப்புறம் வேலை இன்னும் மோசமாயிருக்கு. பேச்சு வேலைய விட்டு ஆள் பக்கம் திரும்பத் திரும்ப பலன் குறையுதுன்னாங்க. படிச்சப்போ எனக்கு அந்தப் பையன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு.

"காலைல இன்செர்ட் மாத்தின பிறகு முதல் பீஸ் அளக்கல, 40 போச்சு, என்னப்பா ஆச்சு?" இப்படி கேட்டாலே போதும், அதுவும் தனியா, அன்னிக்கே. மார்ச் அப்ரைசல் வரைக்கும் சேத்து வெச்சு கொட்டாதீங்க, ஜூன்ல நடந்தத அப்ப சொன்னா யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

வாங்கிக்கறது இதவிட கஷ்டங்க. ஒரு ஆபரேட்டர் வந்து "அண்ணே, நீங்க ஷிப்ட் மாத்தும்போது எதையும் எழுதி வெக்கறதில்ல"ன்னா, நம்ம வாய் தானா "இல்லப்பா, அன்னிக்கு என்னன்னா"ன்னு ஆரம்பிச்சிடும். நான் இப்பல்லாம் அவங்க சொல்றத அப்படியே நோட்டுல எழுதிடுவேன், எழுதி முடிக்கறதுக்குள்ள கோவம் பாதி எறங்கிடும், மறுநாள் ஷிப்ட் மாத்தும்போது எழுதியும் வெச்சிடுவேன், அத அவங்க பாக்கணும்.

அந்தப் பையன மூணு மாசம் கழிச்சு தனியா கூப்ட்டு மன்னிப்பு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னான். அப்புறம் சொன்னான், "அன்னிக்கு அளக்கற போர் கேஜ் அடுத்த லைன்ல இருந்துச்சுண்ணே, போய் வாங்கிட்டு வந்தா மிஷின் நிக்கும், அதுக்கும் திட்டுவீங்கன்னுதான் போகல."