யாத்திராகமத்தின் தாள்களுக்குள் ஒரு சுத்தியல்

[திரையில்: கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் ஒன்று மேசைமீது திறக்கப்படுகிறது.]

1994ஆம் ஆண்டு வெளியான 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' திரைப்படத்தின் பிற்பகுதியில், சிறைக் கண்காணிப்பாளர் நார்டன் தம்முடைய அறைச் சுவரில் பதித்த இரும்புப் பெட்டகத்தைத் திறக்கிறார். அதில் இருக்க வேண்டிய கணக்குப் புத்தகத்தைக் காணவில்லை. தப்பிச் சென்றுவிட்ட கைதியின் வேதாகமம் அந்த இடத்தில் இருக்கிறது. "நீங்கள் சொன்னது சரிதான், இரட்சிப்பு இதற்குள்தான் இருந்தது" என்று அதில் கையால் எழுதியிருக்கிறது. அவர் தாள்களைப் புரட்டுகிறார். யாத்திராகமம் தொடங்கும் இடத்தில், ஒரு சிறிய சுத்தியலின் வடிவத்துக்குத் தாள்கள் வெட்டப்பட்டுக் குழியாகக் கிடக்கின்றன.

அந்தக் குழி ஆதியாகமத்திலோ சங்கீதத்திலோ தொடங்காமல், அடிமைகளாயிருந்த ஒரு ஜனம் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட கதையைச் சொல்லும் புத்தகத்தில் தொடங்குவது தற்செயலாக நேர்ந்தது அல்ல. இந்தப் படத்தை ஒரு கிறிஸ்தவர் எப்படிப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு, என் பார்வையில், இயக்குநர் ஃப்ராங்க் டாராபான்ட் அந்த ஒரு காட்சியிலேயே வழி காட்டிவிடுகிறார்.

முன்னதாக இரண்டு செய்திகள். படத்தின் முடிவு உட்பட அனைத்தையும் இந்த வீடியோவில் பேசப்போகிறோம். மேலும், படத்தில் கொடிய வன்முறையும் பாலியல் கொடுமையும் இருப்பதால், இது குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கக்கூடியது அன்று.

[திரையில்: சிறைக் கட்டடத்தின் முகப்பு.]

கதை சுருக்கமானது. மனைவியையும் அவளுடைய காதலனையும் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட வங்கி அதிகாரி ஆன்டி டூஃப்ரேன், குற்றம் செய்யாதவராகவே இரட்டை ஆயுள் தண்டனை பெற்று 1947இல் ஷாஷாங்க் சிறைக்குள் நுழைகிறார். ரெட் என்னும் கைதியின் நண்பராகிறார். கல்லைச் செதுக்கும் ஒரு சிறு சுத்தியலால் சுவரைக் குடைந்து 1966இல் வெளியேறுகிறார். ஸ்டீபன் கிங் 1982இல் வெளியிட்ட ஒரு குறுநாவலே இதன் மூலம். திரையரங்குகளில் சரியாக ஓடாத இப்படம், 7 ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றும் ஒரு விருதையும் வெல்லவில்லை. வீடியோ கேசட்டின் வழியாகவும் தொலைக்காட்சியின் வழியாகவும் வீடுகளுக்குள் வந்த பிறகே மக்கள் இதைத் தங்கள் படமாக்கிக்கொண்டார்கள்.

தலைப்பிலேயே 'மீட்பு' என்று பொருள்படும் சொல் இருப்பதால், விசுவாசிகள் பலர் இதில் கிறிஸ்துவின் சாயலைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கூரைக்குத் தார் பூசப் போன கைதிகள் 12 பேர். அவர்களுக்கு டூஃப்ரேன் பீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாம் குடிக்காமல் ஒதுங்கி உட்கார்ந்து புன்னகைக்கிறார். தப்பித்த இரவில் மழையில் இரு கைகளையும் விரித்து நிற்கிறார். இவற்றை வரிசையாக அடுக்கி, அவரே இரட்சகரின் உருவகம் என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. டூஃப்ரேன் பொய்யான பெயரில் ஒரு மனிதனையே உருவாக்கி, நார்டனின் லஞ்சப் பணத்தை அந்தப் பெயரில் வெள்ளையாக்கி, இறுதியில் 370,000 டாலருக்கும் மேற்பட்ட அந்தப் பணத்தோடு எல்லையைக் கடக்கிறார். அவர் யாருக்காகவும் தம் உயிரைக் கொடுக்கவில்லை. நல்ல நண்பர், பொறுமைசாலி, அநீதிக்கு உள்ளானவர் என்பதெல்லாம் உண்மை. ஆனால் 12 என்ற எண்ணையும் விரித்த கைகளையும் வைத்துக்கொண்டு ஒருவரைக் கிறிஸ்துவாக்கினால், கிறிஸ்து என்ற சொல்லின் கனம் குறைந்துவிடும். அதைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. கதாநாயகனிடம் இரட்சகரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நமக்கு மிகவும் நெருக்கமான பாத்திரத்தை நாம் பார்க்கத் தவறிவிடுகிறோம். அந்தப் பாத்திரம் நார்டன்.

[திரையில்: கைதிகள் வரிசையாக நிற்கும் காட்சி.]

புதிய கைதிகள் வந்து நின்ற முதல் நாளிலேயே நார்டன் தம்முடைய முதல் விதியைச் சொல்கிறார்: தேவதூஷணம் கூடாது, என் சிறையில் கர்த்தருடைய பெயரை எவரும் வீணாக உச்சரிக்கக் கூடாது. ஒழுங்கையும் வேதாகமத்தையும் தாம் நம்புவதாக அறிவித்து, ஆளுக்கொரு வேதாகமத்தையும் கொடுக்கச் செய்கிறார். பின்னொரு நாள் டூஃப்ரேனின் அறையைச் சோதனையிட வருகையில், அவர் கையிலிருக்கும் வேதாகமத்தை வாங்கிக்கொண்டு, பிடித்த வசனம் எது என்று கேட்கிறார். டூஃப்ரேன் மாற்கு 13:35ஐச் சொல்கிறார். வீட்டெஜமான் எப்பொழுது வருவான் என்று அறியாததால் விழித்திருங்கள் என்னும் வசனம் அது. நார்டன் தமக்குப் பிரியமானது யோவான் 8:12 என்கிறார்: "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்."

இந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். ஒளியைப் பற்றிய வசனத்தைச் சொல்லும் மனிதரின் கையில் இருக்கும் புத்தகத்துக்குள்தான், அவருடைய ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரப்போகும் சுத்தியல் இருக்கிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமலே அறையைவிட்டு வெளியேறுகிறார். பிறகு நினைவு வந்து, கம்பிகளுக்கு இடையே அதை நீட்டி, "இரட்சிப்பு இதற்குள்தான் இருக்கிறது" என்கிறார். வேதாகமத்தைக் கையில் ஏந்தியிருந்தும் ஒரு முறையேனும் அதை அவர் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் கதையே முடிந்திருக்கும்.

டூஃப்ரேன் நிரபராதி என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய டாமி என்னும் இளைஞனை, நார்டன் ஓர் இரவில் தனியே அழைத்து, "சர்வவல்லவருக்கு முன்பாக வேதாகமத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்வாயா?" என்று கேட்கிறார். அவன் ஆவலோடு ஒப்புக்கொள்கிறான். அடுத்த கணம் அவர் ஏற்பாட்டின்படி சுட்டுக் கொல்லப்படுகிறான். "உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்னும் கட்டளை, அந்தச் சுத்தியல் ஒளிந்திருந்த யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. கைதிகளுக்கு அதை முதல் விதியாக்கியவரே அதை இப்படி மீறுகிறார்.

படத்தில் எப்போதும் வேதத்தைப் பேசுகிற மனிதனைக் கொடியவனாகக் காட்டிவிட்டார்களே என்று, முதல் முறை பார்த்தபோது எனக்கும் கோபம் வந்தது. பின்னர் மத்தேயு 23ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். "வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளுக்கு ஒப்பாயிருக்கிறீர்கள்" என்ற வார்த்தை, வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களைப் பார்த்து இயேசுவே சொன்னது. நார்டனின் பெட்டகத்தை மறைத்துக்கொண்டு தொங்குவது, தேவனுடைய நியாயத்தீர்ப்பு விரைவில் வருகிறது என்ற வாசகத்தை அவருடைய மனைவி சபைக் கூட்டத்தில் நூலால் தைத்த ஒரு சட்டகம். லஞ்சக் கணக்கை வசனம் மறைக்கிறது. காவல் வாகனங்களின் ஒலி கேட்டபின் அவர் கண் உயர்த்திப் பார்ப்பதும் அந்தச் சட்டகத்தைத்தான்.

இதற்கு நேர் எதிரில் வைக்க வேண்டியவர் ரெட். பரோல் வாரியத்தின் முன் அவர் மூன்று முறை உட்காருவதைப் பார்க்கிறோம். முதல் முறை, தாம் திருந்திவிட்டதாகவும் அது கடவுள் அறிய உண்மை என்றும் பணிவோடு சொல்கிறார். நிராகரிப்பு முத்திரை விழுகிறது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறக்குறைய அதே சொற்கள், அதே முத்திரை. 40 ஆண்டுகள் கழிந்த மூன்றாம் முறை, திருந்துதல் என்பதே அரசியல்வாதிகள் உண்டாக்கிய வெற்றுச் சொல் என்று சொல்லிவிட்டு, அந்தக் கொடிய குற்றத்தைச் செய்த முட்டாள் இளைஞனோடு ஒரு முறை பேச விரும்புவதாகவும், ஆனால் அவன் எப்போதோ போய்விட்டான், இந்தக் கிழவன் மட்டுமே மிஞ்சியிருப்பதாகவும் சொல்கிறார். தம்மைப் பற்றி நல்லதாக ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை; கடவுளைச் சாட்சிக்கு அழைக்கவும் இல்லை. இயேசு சொன்ன உவமையில், தேவாலயத்தில் தூரத்தில் நின்று, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின், அதாவது வரி வசூலிப்பவனின், ஜெபம், அதன் சொற்கள் இல்லாமலே இங்கே நடந்தேறுகிறது.

[திரையில்: நூலக வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்லும் முதியவர்.]

ஆனாலும், எகிப்தைவிட்டுப் புறப்படுவது வேறு, எகிப்து நம்மைவிட்டுப் புறப்படுவது வேறு. முதிய நூலகர் ப்ரூக்ஸ், சுமார் 50 ஆண்டுகள் அடைபட்டிருந்தபின் 1954இல் விடுவிக்கப்படுகிறார். வெளியில் கார்கள் விரைகின்றன, கடையில் பைகளை நிரப்பும் வேலையில் கைவலி, இரவில் பயம். மறுபடியும் சிறைக்கே போய்விட வழியுண்டா என்று ஏங்குகிறார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர், எகிப்தில் தின்ற மச்சங்களையும் வெள்ளரிக்காய்களையும் வெண்காயங்களையும் நினைத்து அழுததாக எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் சொல்வதை, ஞாயிறு பள்ளியில் நாம் நன்றிகெட்ட முறுமுறுப்பாக மட்டுமே படித்திருக்கிறோம். ப்ரூக்ஸின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த அழுகையில் இருந்த அச்சமும் எனக்குப் புரிந்தது. ப்ரூக்ஸுக்கு, இஸ்ரவேலருக்கு வழிகாட்டியதுபோன்ற மேகஸ்தம்பமும் வழியில் இல்லை, கூட நடக்க ஒரு ஜனமும் இல்லை. அவர் தங்கிய அறையின் உத்திரத்தில் தம் பெயரைச் செதுக்கிவிட்டுத் தூக்கிட்டுக்கொள்கிறார்.

படமும் சுவிசேஷமும் பிரியும் இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். யாத்திராகமத்தில் கடலைப் பிளந்தவர் கர்த்தர். ஜனங்கள் நின்றுகொண்டு அவர் செய்த இரட்சிப்பைக் கண்டார்கள். ஷாஷாங்கில் சுவரைக் குடைந்தது ஒரு தனி மனிதனின் கை. 500 கஜம் நீளமுள்ள கழிவுநீர்க் குழாயில் ஊர்ந்து, ஓடையில் விழுந்து, மழையில் நனைந்து எழும் காட்சி ஞானஸ்நானத்தை நினைவூட்டுவது உண்மைதான். ஆயினும் திருச்சபையில் எவரும் தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் கையால்தான் அதைப் பெறுகிறோம். இரட்சிப்பு உள்ளேதான் இருக்கிறது என்ற சொல்லை, மனிதனுடைய உள்ளுறுதியே அவனை மீட்கும் என்ற பொருளில் படம் முடித்துவைக்கிறது. அந்த முடிவை ஒரு கிறிஸ்தவர் அப்படியே ஏற்க முடியாது.

ஆனால் ரெட்டின் கதையில் படம் அந்த முடிவையே மீறிவிடுகிறது. பரோலில் வந்த ரெட், ப்ரூக்ஸ் இருந்த அதே அறையில் தங்குகிறார். அதே பயம் அவரையும் பிடிக்கிறது. அவரைக் காப்பாற்றுவது அவருடைய உள்ளுறுதியன்று. முன்னே போன நண்பர் வாங்கிக்கொண்ட ஒரு வாக்குறுதி. பக்ஸ்டன் ஊரில், வைக்கோல் நிலத்தின் ஓரத்தில், ஓக் மரத்தடிக் கற்சுவரில் ஒரு கறுப்புக் கல்லின் கீழே கடிதம் காத்திருக்கிறது. நம்பிக்கை நல்லது, நல்லது எதுவும் சாவதில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அறைக்குத் திரும்பிய ரெட், உத்திரத்தில் ப்ரூக்ஸின் பெயருக்குப் பக்கத்தில் தம் பெயரையும் செதுக்கிவிட்டுப் பேருந்து ஏறுகிறார்.

டாராபான்டின் திரைக்கதை அந்தப் பேருந்திலேயே முடிந்திருந்தது. நண்பர்கள் கடற்கரையில் சந்திக்கும் காட்சியைத் தயாரிப்பு நிறுவனம் கேட்டதால் பிறகு சேர்த்தார்கள். அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனாலும், "காணப்படுகிறதை நம்புகிறது நம்பிக்கையல்ல" என்று பவுல் ரோமருக்கு எழுதியதை வைத்துப் பார்க்கும்போது, என் கண் தேடிப்போவது அதற்கு முந்தைய காட்சியைத்தான்: திறந்த ஜன்னல், முகத்தில் மோதும் காற்று, எல்லையைக் கடக்க முடியுமா, நண்பரைக் காண முடியுமா என்று ஒன்றும் அறியாமல், "நம்புகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போகும் ஒரு கிழவர்.

[திரையில்: நீண்ட சாலையில் பேருந்து. ஒலி மெல்லக் குறைகிறது.]