ஒரு சொட்டு கடல் தண்ணீர்

வணக்கம் மக்களே! புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மைக்கில் காற்று அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குப்பியைப் பாருங்கள். மாதுளைச் சாறு இல்லை, தங்கம். ஒவ்வொரு துகளும் சுமார் 13 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட், அதாவது எலுமிச்சைப் புளிப்பான சிட்ரிக் அமிலத்தின் உப்பு, ஊற்றினால் மஞ்சள் வெளுக்கும், கறுக்கும், அப்புறம் இப்படிச் சிவக்கும். 1951இல் டர்கெவிச் என்ற வேதியியலாளரின் குழுவினர் எழுதிய முறைதான்.

முதல் தடவை செய்தபோது அளவு குறைகிறதே என்று வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றித் தொலைத்தேன். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர்! நிமிஷத்தில் ஊதா, மறுநாள் அடியில் கறுப்புக் கசடு. என்ன நடந்தது? இப்போது காட்டுகிறேன். கடல் தண்ணீர், ஒரே சொட்டு... இதோ, ஊதா இழை இறங்குகிறது பாருங்கள். சிட்ரேட் ஒட்டிய துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. உப்பு அந்தத் தள்ளலை அடக்கிவிட்டது, ஒட்டிக்கொண்டன. ஒட்டினால் நிறம் மாறும்.

ஆனால் இது கண்மூடித்தனமான ஒட்டல். இடைவெளியை அளந்து ஒட்டவைக்கத்தான் புரதம். ஸ்ட்ரெப்டாவிடின் என்கிற புரதத்தில் நான்கு பைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பயோட்டினைக் கவ்வும். ஆமாம், முடி கொட்டாமல் இருக்க மாத்திரையாக விழுங்குகிறோமே, அதே பயோட்டின். அதைத் துகள்மேல் கட்டிவிட்டால் புரதம் நடுவில் நின்று துகள்களைக் கொத்தாகச் சேர்க்கும்.

இடைவெளிக்கு ஏன் இவ்வளவு அலட்டல்? இரண்டு துகளுக்கு நடுவில் ஒளி குவிகிறது. அங்கே சிக்கிய மூலக்கூறின் ராமன் சமிக்ஞை, அதாவது அதன்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் தெரியும் அதன் கைரேகை, பல மடங்கு பெருகும். இடுக்கு ஒன்றிரண்டு நானோமீட்டர் இருந்தால் அமோகம்; ஸ்ட்ரெப்டாவிடினோ சுமார் ஐந்து. நெருக்கினால் ஒளி கூடும், ஆனால் மூலக்கூறு நுழைய இடம் வேண்டுமே! எனக்குப் பிடித்த சிக்கலே இதுதான்.

கடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, எங்க கிணத்துத் தண்ணியில பாதரசம் இருக்கான்னு இதுல பார்க்கலாமா?" இந்தச் சிவப்புக் குப்பியில் வேண்டாம் தம்பி. கிணற்றின் உப்பே அதை ஊதாவாக்கிவிடும், நீங்கள் பாதரசம் என்று பயந்துவிடுவீர்கள். ஆல்புமின் புரதம் போர்த்திய துகள் உப்புக்கு அவ்வளவு எளிதில் கலங்காது. ஒரு குப்பி போர்த்திவைத்திருக்கிறேன். அடுத்த வீடியோவில் இதே கடல் தண்ணீரை அதிலும் விடுகிறேன், பார்க்கலாம்.