பயிற்சிக்கு முன்னாடி தராசை எடுங்க

வணக்கம் மக்களே! ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கிற மண்டபம் ஊர்லேருந்து பேசுறேன், செம எரிச்சல்ல இருக்கேன். நண்டுச் சதை எடுக்குற கம்பெனி ஒண்ணுல, சதை குறையுதுன்னு எல்லா அக்காவுக்கும் ரெண்டு நாள் பயிற்சின்னு சொல்லிட்டாங்க. ஏன் குறையுதுன்னு யாரும் பாக்கவே இல்ல!

வழக்கமா பாக்குறவங்களுக்குத் தெரியும், என் முதல் கேள்வி ஒண்ணுதான்: இதே அக்கா இதே வேலைய முன்னாடி நல்லா செஞ்சாங்களா? செஞ்சாங்கன்னா வேற ஏதோ மாறியிருக்கு.

ஒரே படகு நண்டு, ஒரே பானையில வெந்தது, அஞ்சு பேருக்குத் தலா 5 கிலோ கொடுங்க. சதையத் தனியா, கழிச்ச ஓட்டைத் தனியா நிறுங்க. அஞ்சு பேருக்குமே குறைஞ்சா கையில கோளாறு இல்ல. புதுசா ஓடு மாத்துன நண்டுன்னா உள்ள தண்ணிதான், யார் எடுத்தாலும் வராது. வேக்காடு பத்தலன்னா சதை ஓட்டோட ஒட்டிக்கும். ஒருத்தருக்கு மட்டும் குறைஞ்சா அவங்க ஓட்டைக் கிளறுங்க. நீச்சல் கால், அதான் துடுப்பு மாதிரி இருக்கிற கடைசிக் கால், உடம்போட சேர்ற இடத்துல சதை தங்கியிருந்தா, அந்த ஒரு வெட்டை மட்டும் பக்கத்துல உக்காந்து காட்டுங்க. அந்தப் பெரிய துண்டு உடையாம வந்தாத்தான் நல்ல விலை.

ஆங், விட்டுட்டேன். நிறுக்குறதுக்கு முன்னாடி எடைக்கல்ல வச்சுத் தராசைச் சரிபாருங்க. நண்டுத் தண்ணியும் வடியணும்.

இப்போ ட்யூப்லைட்! இந்த மேசையப் பாருங்க, லைட் முதுகுக்குப் பின்னாடி. அவங்க நிழலே கையில விழுது. சதையும் வெள்ளை, ஓட்டுத் துண்டும் வெள்ளை, என்னத்தத் தெரியும்? இப்போ தலைக்கு முன்னாடி, மேசைக்கு நேர் மேல மாட்டியாச்சு. பாருங்க, அந்தச் சின்னச் சில்லு தெரியுதா? அய்யோ, எவ்வளவு சந்தோஷமா இருக்கு! அதே லைட்டுதான் மக்களே, புதுசு கூட வாங்கல, ஒயரும் கொக்கியும் மட்டும்தான். மேல பிளாஸ்டிக் உறை கட்டாயம் போடுங்க. கண்ணாடி உடைஞ்சு விழுந்தா மேசையில இருக்கிற சதை மொத்தமும் கழிவுதான்.

எனக்குச் சுத்தமா பிடிக்காதது கூலிக்கணக்கு. கிலோவுக்கு மட்டும் காசு கொடுத்துட்டு, ஓட்டுத் துண்டு ஏன் வருதுன்னு அக்காக்களத் திட்டுறது அநியாயம். சுத்தத்துக்கும் தனியா காசு வைங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. லைட்டை மட்டும் மாத்திட்டு, ஒரு வாரம் கழிச்சு அதே மாதிரி தலா 5 கிலோ நண்டு கொடுத்து, அதே தராசுல சதைய நிறுங்க. சதை ஏறலன்னா அடுத்தது கத்தி முனை, அப்புறம் பானை.