இரண்டு தூக்கு மிச்சம் இருக்கட்டும்

நண்பர்களே, வணக்கம்.

நாவல் எழுதத் தொடங்குகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 3,000 சொல் எழுதிவிடுவார்கள். அப்புறம் வெள்ளிவரை கோப்பைத் திறக்கவே மாட்டார்கள். கேட்டால் சோம்பல் என்பார்கள். சோம்பல் இல்லை, அளவு தெரியாமல் சுமந்த களைப்பு. முதல் நாளே நூறு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டவர் அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்கத் திணறுவாரே, அதே கதைதான்.

எடை தூக்குவோர் பலர் இன்னும் இரண்டு தூக்கு தூக்கலாம் என்ற தெம்பு இருக்கும்போதே செட்டை (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றை) முடித்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் முதுகு வளையும், முறை கெடும். எழுத்தில் முறை கெடுவது எப்படித் தெரியும்? எல்லாப் பாத்திரங்களும் ஒரே குரலில் பேசுவார்கள். ஒரே பத்தியில் ‘திடீரென்று’ மூன்று தடவை வரும். விரித்துக் காட்டவேண்டிய சண்டையை, ‘பிறகு இருவரும் சமாதானமானார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டியிருப்போம். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் நிறுத்திவிடுங்கள். எழுந்திருக்கும் முன், அடுத்து யார் உள்ளே வருகிறார், என்ன கேட்கப்போகிறார் என்று இரண்டு வரி குறித்துவையுங்கள். மறுநாள் வார்ம்-அப், கடைசிப் பத்தியைக் கையால் படியெடுப்பது. பத்து நிமிடம் போதும். திருத்தக் கூடாது, திருத்த இறங்கினால் பொழுது அதிலேயே போய்விடும்.

அளவு? மோசமான நாளிலும் முடிகிற அளவு. புதிதாக எழுதும் நாளுக்கு 200 சொல் என்று வையுங்கள். இரண்டு வாரம் தவறாமல் நடந்தால் 20 கூட்டுங்கள். நான்காவது வாரம் பாதியாக்குங்கள். ‘நன்றாகத்தானே போகிறது, ஏன் குறைக்கணும்?’ என்று இங்கேதான் எல்லோரும் முரண்டு பிடிப்பார்கள். தசை வலுப்பெறுவது தூக்கும்போது இல்லை ஐயா, ஓய்வில்.

நெடுந்தூர ஓட்டக்காரர்களும் வாரத்தில் பெரும்பகுதியைப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் ஓடுகிறார்கள். கடும் ஓட்டம் ஓரிரு நாள்தான். புதுக் காட்சி எழுத இரண்டு நாள் வையுங்கள். மற்ற நாட்களில் திருத்தம், தகவல் சேகரிப்பு. மூன்று வாரம் விட்டுப்போனால் பாதி அளவில் தொடங்குங்கள்; பாக்கியைச் சேர்த்து அடைக்க வேண்டாம்.

ஒன்றில் மட்டும் இந்த ஒப்பீடு உதவாது. தசை வலித்துச் சொல்லிவிடும்; மனம் அப்படிச் சொல்லாது. அதனால் ஒரு நோட்டில் தேதி, நிமிடம், சொல், மறுநாள் உட்காரும்போது இருந்த விருப்பத்துக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண் என்று எழுதிவாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் மதிப்பெண் இரண்டுக்குக் கீழே போனால், அட்டவணையில் என்ன இருந்தாலும் அடுத்த நாள் திருத்த வேலை மட்டும்தான்.