சபைக்கு வெளியே கேட்ட ஜெபம்

நண்பர்களே, வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது 'கிறிஸ்தவ ராக்' என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. அமெரிக்காவிலேயே அந்தச் சொல்லுக்கு ரொம்ப நாள் சிரிப்புதான் கிடைத்தது. ராக் கேட்கிறவர்கள் 'இது பிரசங்கம்' என்று ஒதுங்கினார்கள். போதகர்கள் பலர் 'இது பிசாசின் தாளம்' என்று விரட்டினார்கள். இந்த வகையின் முன்னோடிப் பாடகர் லாரி நார்மன் 1969இல் தன் முதல் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இரண்டு பக்கமும் அடி. எண்பதுகளில் ஸ்ட்ரைப்பர் என்றொரு குழு, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடையில் மேடையேறி, கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசியது. கதையில்லை, உண்மையாகவே வீசினார்கள். வசனம் தலையில் வந்து விழுகிற இசை!

இன்றைக்கு நான் பேசப்போவது எதையும் வீசாத ஓர் ஆல்பத்தைப் பற்றி. ஜார்ஸ் ஆஃப் கிளே குழுவின் முதல் ஸ்டுடியோ ஆல்பம். வெளிவந்த ஆண்டு 1995. ஆல்பத்துக்கும் குழுவின் பெயரேதான்.

அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் உங்களில் பலருக்கு உடனே பிடிபடும். மண்பாண்டங்கள். பைபிளில் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம், நாலாம் அதிகாரம், ஏழாம் வசனம்: 'இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்.' உள்ளே இருப்பதுதான் பொக்கிஷம், பாண்டம் வெறும் மண், தட்டினால் உடையும். இருபது வயதை ஒட்டிய பையன்கள் தங்கள் குழுவுக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராக் குழுக்களின் பெயர்களில் பொதுவாக இடி இருக்கும், இரும்பு இருக்கும். இவர்கள் பானையை எடுத்துக்கொண்டார்கள்.

இடம் இல்லினாய் மாநிலத்தில் கிரீன்வில் என்ற சின்ன ஊர். செயின்ட் லூயிஸ் நகருக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே கிரீன்வில் கல்லூரி என்ற கிறிஸ்தவக் கல்லூரியில் டான் ஹேசல்டைன், சார்லி லோவெல், ஸ்டீவ் மேசன், மாட் பிரான்லீவி நாலு பேரும் படித்தார்கள். 1993இல் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். சொந்தமாக ஒரு மாதிரிப் பதிவு செய்து, நாஷ்வில்லில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்பி, 1994இல் அதில் ஜெயித்தார்கள். அப்புறம் இசைத்தட்டுக் கம்பெனிகள் தேடி வந்தன. படிப்பைப் பாதியில் விட்டு நாஷ்வில்லுக்கே குடிபோனார்கள். பிரான்லீவி மட்டும் விலகிக்கொள்ள, அவர் இடத்துக்கு லோவெலின் பழைய நண்பர் மாட் ஓட்மார்க் வந்தார். வாழ்க்கை வரலாறு இத்தோடு போதும், பாட்டுக்கு வருவோம்.

இந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆளே கிடையாது. ராக் குழுவில் டிரம்ஸ்காரர் இல்லை என்றால் கல்யாணத்தில் தவில் இல்லாத மாதிரி. இவர்கள் என்ன செய்தார்கள்? தாளத்துணுக்குகளை இயந்திரத்தில் சுற்றவிட்டு, அதன்மேல் மின்சாரம் இல்லாத சாதாரண மரக் கிதாரை வேகமாக அடித்து வாசித்தார்கள். அதற்கும் மேலே வயலின், செல்லோ. இடையில் நம் புல்லாங்குழல் மாதிரி ரெக்கார்டர். 'லிக்விட்' என்ற முதல் பாட்டில் பழைய மடாலயத்துத் துறவிகள் ஓதுவது போன்ற குரல்கள்கூட வரும். இல்லாமையை மறைக்கச் செய்ததோ என்னவோ, அதுவே இவர்களின் அடையாளமாகிவிட்டது. அந்த 'லிக்விட்' பாட்டையும் 'ஃபிளட்' பாட்டையும் தயாரித்தவர் ஏட்ரியன் பெலூ. அப்போது கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் கிதார்காரர், டேவிட் போவியோடும் ஃப்ராங்க் ஸாப்பாவோடும் வாசித்தவர். மற்ற பாட்டுகளைப் பையன்களே தயாரித்துக்கொண்டார்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகள் உங்களைப் பார்த்துப் பாடவில்லை. பிரசங்கப் பாட்டு என்றால் 'மனந்திரும்பு' என்று கேட்கிறவனைப் பார்த்து விரல் நீட்டும். இதில் பாடுகிறவன் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 'லிக்விட்' பாட்டில் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டவரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறான்: எனக்கு ஏதாவது சொல்கிறாயா, யாரையாவது தேடுகிறாயா என்று. பதில் வருவதில்லை. நாம் அறைக்கு வெளியே நின்று இன்னொருவன் ஜெபத்தை ஒட்டுக்கேட்கிற நிலை. ஒட்டுக்கேட்கிறவனுக்கு யாரும் பிரசங்கம் செய்ய முடியாது, பாருங்கள்.

'ஃபிளட்', அதாவது வெள்ளம், எட்டாவது பாட்டு. நான் முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், யாரோ பதிந்து கொடுத்த காசெட்டில். மழைப் பாட்டு என்றே நினைத்தேன். முகத்தில் மழை, நாள்கணக்கில் ஓயவில்லை, உலகமே வெள்ளம், நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேறாகிக்கொண்டிருக்கிறேன், நாற்பது நாளாகியும் நீந்த முடியாவிட்டால் என்னைத் தூக்கிவிடு. இவ்வளவுதான் பாட்டு. கர்த்தர் என்ற சொல் இல்லை, இயேசு என்ற பெயர் இல்லை. நாற்பது நாள் என்பதில் பைபிளின் பெருவெள்ளத்தில் பேழையேறித் தப்பிய நோவா இருக்கிறார் என்று புரியவே எனக்கு மாசக்கணக்கானது. சேறு எங்கிருந்து வந்தது என்பது அதற்கும் ரொம்பக் காலம் கழித்து, பைபிளில் தாவீது பாடிய அறுபத்தொன்பதாம் சங்கீதம் வாசிக்கும்போதுதான் உறைத்தது. 'ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை.' நோவா பேழைக்குள் பத்திரமாக இருந்தவர், சேற்றில் நின்றவர் தாவீது. பாட்டில் வெள்ளம் நோவாவினுடையது, கதறல் தாவீதினுடையது. இது என் வாசிப்புதான், அவர்கள் அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னை மாதிரியே அமெரிக்க வானொலிக்காரர்களும் அதை மழைப் பாட்டாகவே கேட்டிருக்க வேண்டும். சபை சாராத, மாற்று ராக் போடும் நிலையங்கள் அதை ஓட்டின. 1996இல் பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் முதல் நூறு பாட்டுப் பட்டியலில் 37ஆம் இடம் வரை ஏறியது. கிறிஸ்தவப் புத்தகக் கடையின் மூலையில் விற்கவேண்டிய ஆல்பம் இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டி இரட்டைப் பிளாட்டினம் ஆனது. உடனே வேறொரு சச்சரவு. மதுக்கடை மேடையில் என்ன வேலை, ராக் பாடகர் ஸ்டிங்கின் கச்சேரிக்கு முன்னால் போய் ஏன் வாசிக்கிறீர்கள், இயேசுவின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று விசுவாசிகளே கேட்டார்கள். எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. ஜெபம் செய்கிறவன் எதிரில் இருப்பவரை 'நீர்' என்றுதான் அழைப்பான். அவர் யார் என்று அவரிடமே அறிமுகம் செய்துவைப்பதில்லையே!

எல்லாப் பாட்டும் அருமை என்று சொல்ல மாட்டேன். 'லவ் சாங் ஃபார் எ சேவியர்' கிறிஸ்தவ வானொலியில் பெரிய வெற்றி. பூக்கள் நிறைந்த வயலில் ஒரு சிறுமி, உம்மேல் காதல் கொள்ள வேண்டும் என்ற பல்லவி. இந்த வகைப் பாட்டுகளை 'இயேசு என் காதலன்' என்று அமெரிக்க விமரிசகர்கள் கேலி செய்வார்கள். பக்தன் தன்னைக் கடவுளின் காதலியாக வைத்துப் பாடும் நாயகி பாவம் பழகிய நம் காதுக்கு அது கேலியாகப் படாது. ஆனால் ஆண்டாளைப் படித்த காதுக்கு இந்தப் பாட்டு கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீராகப் படும், அது வேறு. 'பாய் ஆன் எ ஸ்ட்ரிங்' பொம்மலாட்ட உவமையை முதல் அடியிலேயே செலவழித்துவிடுகிறது.

அதை ஈடுகட்ட 'ஹீ' இருக்கிறது. அடிவாங்குகிற குழந்தை அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்கிற பாட்டு: என்மேல் பாசம் இல்லையா, அப்புறம் ஏன் அடிக்கிறீர்கள்? சபை ஆல்பத்தில், வீட்டுக்குள் நடக்கிற கொடுமையைப் பற்றி, அதுவும் குழந்தையின் வாயால்! அங்கேயும் தீர்ப்பு கிடையாது. அழுகிற ஒருவர் மட்டும் வருகிறார்.

'வேர்ல்ட்ஸ் அபார்ட்' இந்த ஆல்பத்தின் உச்சம் என்பேன். தலைப்பைப் பார்த்தால் இரண்டு உலகங்கள் விலகிக் கிடக்கின்றன என்று பொருள். உள்ளே போனதும் அதே சொல் வேறாகத் திரும்புகிறது: உம்மை நேசிக்க என் உலகத்தைப் பிரித்துப் போடும் என்று மண்டியிட்டுக் கேட்கிறான். தூரத்தைக் குறித்த சொல் உடைவதைக் குறித்ததாக மாறுகிறது. மண்பாண்டம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் இந்த இடத்தில்தான் அந்தப் பெயருக்கு விலை கொடுக்கிறார்கள்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துக்கொள்கிறேன். ஒலிபெருக்கித் தம்பி ஆல்பத்தை முழுசாகப் போடப்போகிறார். தம்பி, பத்தாவது பாட்டு முடிந்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். அட்டைப் பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு அதே தடத்தில் ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் 'நாலு ஏழு'.